புதுப்பிப்பு: மகள் இணைந்த கணிதமே எடுத்துவிட்டாள்

சாதாரண தரப் பரீட்சையில் (பதினோராம் வகுப்பு) கணிதத்துக்கு ஏ எடுத்த மகளை, பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தரத்தில் கணிதப் பிரிவில் விடுவதா, வர்த்தகத்தில் விடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். நுவரெலியா மாவட்டத்தில் ஹட்டன் பக்கம் இருக்கிறோம். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி, "கலைப்பிரிவில் போடுங்கள், நிம்மதி" என்ற அண்ணனுக்கும்தான்.

கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். பொறியியலுக்கு இணைந்த கணிதம் (தூய கணிதமும் பிரயோக கணிதமும் சேர்ந்த பாடம்), பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும்; வர்த்தகம் எடுத்துவிட்டுப் பிறகு மனம் மாறி வந்தால் அந்தக் கதவு திறக்காது. என்னை அசைத்தது அதுதான்.

பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்டக் கோட்டா பற்றிப் பலர் கேட்டீர்கள். கலை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்ட சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்காக வெட்டுப்புள்ளி (அனுமதிக்கு வேண்டிய குறைந்தபட்சப் புள்ளி) தானாக மடியில் விழாது.

உண்மைச் சிக்கல் வேறு. பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. சனிக்கிழமை விடிய ஆறு மணி பஸ்ஸில் டவுனுக்கு டியூஷன். பஸ் காசும் டியூஷன் காசும் சேர்ந்தால், சரி, அதைப் பேசாமல் விடுகிறேன்.

தூய கணிதம் இன்னும் மிரட்டுகிறது. பிரயோக கணிதம் பிடித்துவிட்டது. போன வாரம் கடைப் பில்லின் பின்புறம் சாய்தளம் ஒன்றை வரைந்து, அதில் வழுக்கும் துணிக்கைக்கு விசைகள் குறித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இது மழைக்கு நம்ம லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) பாதையில் நீங்கள் வழுக்கின கணக்குதான்" என்றாள். உராய்வுக் குணகம் பூச்சியமாம்.