அல்ஃபிரட் சிஸ்லி வளராமல் நின்றுபோன ஓவியரா?

மூங்கில்பாலம்:
இம்ப்ரஷனிச ஓவியர்களை, அதாவது கணத்துக்குக் கணம் மாறும் வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற 19-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குழுவினரைப் பற்றி யார் எழுதினாலும் மோனே, ரெனுவார், பிசாரோ என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் 'சிஸ்லியும்' என்று ஓர் உம்மையில் முடித்துவிடுகிறார்கள். இது அநியாயம் என்று இங்கே இரண்டு பேர் அடிக்கடி புலம்புகிறார்கள். எனக்கென்னவோ அந்த உம்மை சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று படுகிறது.

சிஸ்லி 1839-இல் பாரிஸில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்தவர். பட்டு வணிகரான அப்பா, வியாபாரம் கற்றுவரச் சொல்லி லண்டனுக்கு அனுப்பினார். மகன் ஓவியத்தோடு திரும்பி வந்தார். பாரிஸில் க்ளேயர் என்ற ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் மோனே, ரெனுவார், பசீல் ஆகியோரோடு பழகினார். 1874-இல் நடந்த முதல் இம்ப்ரஷனிசக் கண்காட்சியிலும் இருந்தார். ஆக, எல்லோரும் ஒரே வாசலில் இருந்து புறப்பட்டவர்கள்தான். மோனே ரயில் நிலையத்துக்குப் போனார், வைக்கோற்போருக்குப் போனார், அல்லிக்குளத்தில் போய் நின்றார். ரெனுவார் மனித முகங்களைத் தேடிப் போனார். சிஸ்லி? ஆறு, பாலம், சாலை, பாப்ளர் மரங்கள். 1872-இலும் அவைதான், 1892-இலும் அவைதான். ஏறத்தாழ 900 எண்ணெய் ஓவியங்களை ஒரே மனநிலையில் வரைந்த ஒருவரை எப்படிப் பெரிய கலைஞர் என்பது?

சாம்பல்நீலம்:
புலம்பும் இருவரில் ஒருத்தி நான்தான்.

மூங்கில்பாலம் அவர்களே, நீங்கள் 'மாறவில்லை' என்பதைக் குற்றமாகவே எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பின்னாளில் பெரிய ஓவியரான மத்தீஸ், இளமையில் ஒருமுறை பிசாரோவிடம், அசல் இம்ப்ரஷனிஸ்ட் என்று யாரைச் சொல்லலாம் என்று கேட்டாராம். பிசாரோ மோனேயைச் சொல்லவில்லை, தன்னையும் சொல்லிக்கொள்ளவில்லை. சிஸ்லி என்றார். பிசாரோ வாய்க்கு வந்தபடி புகழ்கிறவர் அல்லர். 1899 ஜனவரியில் சிஸ்லி சாகக் கிடக்கும்போது மகனுக்கு எழுதிய கடிதத்திலும், மிகப் பெரியவர்களுக்கு நிகரான ஆசான் என்று அவரைக் குறிப்பிட்டு, வெள்ளத்தைத் தீட்டிய ஓவியம் ஒன்றைத் தனியாகப் பாராட்டுகிறார்.

அந்த வெள்ளத்துக்கே வருகிறேன். 1876-இல் சேன் நதி கரை மீறி போர்-மார்லி என்ற சிற்றூருக்குள் புகுந்தது. சிஸ்லி அப்போது குடியிருந்த மார்லி-லெ-ருவாவிலிருந்து அது நடக்கும் தூரம். ஓவியத் தாங்கியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தத் தண்ணீரைப் பல கேன்வாஸ்களில் வரைந்தார். அவற்றில் புகழ்பெற்றது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அளவு 60 × 81 சென்டிமீட்டர்தான். இடப்பக்கம் ஒரு மதுக்கடைக் கட்டடம், அதன் சுவரில் இளமஞ்சளும் மங்கிய ரோஜா நிறமும். முன்னால் படகுகள். தெரு இருந்த இடத்தில் வானம் கிடக்கிறது.

காகிதக்கப்பல்:
அக்கா, அந்தப் படத்தில்தான் எனக்குச் சிக்கலே. வெள்ளம் வந்திருக்கிறது. ஒருவர்கூட அழவில்லை, ஒருவர்கூட மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடவில்லை. படகில் இருப்பவர்கள் ஏதோ காற்று வாங்க வந்தவர்களைப் போல இருக்கிறார்கள். ஊர் மூழ்கிக் கிடக்கும்போது சுவரின் ரோஜா நிறத்தை ரசிப்பதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டாமா?

சாம்பல்நீலம்:
தம்பி, எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஆண்டு ஒன்று உண்டு. முதல் நாள் நீங்கள் சொல்வதெல்லாம் நடந்தது: ஓட்டம், மூட்டை, கூச்சல். இரண்டாம் நாள் விடிந்தபோது மழை விட்டிருந்தது. நீரோட்டம் அடங்கியிருந்தது. மாடியிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சன்னல் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. கீழே அரிசி மூட்டை ஊறிப்போய்க் கிடப்பது தெரிந்தும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்காக இன்றுவரை கொஞ்சம் வெட்கப்படுகிறேன். சிஸ்லி வரைந்திருப்பது அந்த இரண்டாம் நாளை. பார்க்காதவர் அப்படி வரைந்திருக்க முடியாது. கல்நெஞ்சு என்று எனக்குத் தோன்றவில்லை.

பழையகணக்கு:
கலை விமர்சனத்தில் நான் தலையிடவில்லை. கணக்கு மட்டும் சொல்கிறேன்.

1870–71 பிரெஞ்சு–பிரஷ்யப் போரில் அப்பாவின் வியாபாரம் நொடித்தது. அதுவரை செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. அதன்பிறகு வாழ்நாள் முழுக்கக் கடன்காரர். 1875-இல் மோனே, ரெனுவார், பெர்த் மொரிசோ ஆகியோருடன் சேர்ந்து ஓத்தல் துருவோ என்ற பாரிஸ் ஏல நிலையத்தில் ஓவியங்களை ஏலம் விட்டார்கள். கூட்டத்தின் கூச்சலில் போலீஸைக் கூப்பிட வேண்டியதாயிற்று. விலை அடிமட்டத்துக்குப் போனது. மோனே 1890-இல் ஜிவெர்னி வீட்டையே விலைக்கு வாங்கிவிட்டார். சிஸ்லிக்கு அந்த யோகம் கடைசிவரை வரவில்லை. 1897-இல் பாரிஸில் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் திரட்டி ஜார்ஜ் பெத்தி என்ற ஓவிய வணிகர் பெரிய கண்காட்சி ஒன்று நடத்தினார், அதுவும் கைகொடுக்கவில்லை.

1899 ஜனவரி 29-ஆம் தேதி மோரே-சூர்-லுவான் என்ற ஊரில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். மனைவி சில மாதங்கள் முன்பே போய்விட்டார். மறு ஆண்டு மார்ச்சில், சாம்பல்நீலம் சொன்ன அதே வெள்ளப் படம் ஏலத்துக்கு வந்தது. சிஸ்லி 180 ஃபிராங்குக்கு விற்றது. காமோந்தோ என்ற சேகரிப்பாளர் 43,000 ஃபிராங்கு கொடுத்து வாங்கினார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மூங்கில்பாலம்:
ஐயா, இந்தக் கணக்கைப் படித்தால் யாருக்கும் மனம் கனக்கும். ஆனால் வறுமை ஓவியத்துக்குத் தரும் நற்சான்றிதழ் ஆகாது. பசித்துக் கிடந்தவர்களில் மோசமாக வரைந்தவர்களும் ஏராளம். மோனேயும் இளமையில் வாடகை கொடுக்க முடியாமல் தவித்தவர்தான்.

நான் கேட்பது வேறு. வெள்ளப் படம் அருமை, ஒப்புக்கொள்கிறேன். அது 1876. 1880-க்குப் பிறகு என்ன? மோரே பக்கம் குடிபோன பிறகு தூரிகைத் தடங்கள் தடித்துக்கொண்டே போகின்றன, நிறங்களில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கூவுகின்றன. முன்பிருந்த அடக்கம் போய்விட்டது. 1893-இல் மோரே தேவாலயத்தைக் காலை, மாலை, மழை, வெயில் என்று தொடராக வரையத் தொடங்கினார். மோனே அப்போது ருவான் தேவாலயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இதை என்னவென்று சொல்வது? நான் நகல் என்பேன்.

சாம்பல்நீலம்:
நகல் என்று சொல்லும்முன் இரண்டு தேவாலயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோனேயின் ருவான் வரிசை பொதுமக்கள் பார்வைக்கு வந்தது 1895-இல். நண்பர் என்ன செய்கிறார் என்பது சிஸ்லியின் காதுக்கு எட்டியிருக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் மோனே முகப்பை மட்டும் நெருக்கமாக வெட்டி எடுத்து, கல்லை வெளிச்சத்தில் கரைத்துவிடுகிறார். கொஞ்ச நேரம் பார்த்தால் அது தேவாலயம்தானா, ஆறிப்போன பாலில் படிந்த ஆடையா என்று சந்தேகம் வந்துவிடும். சிஸ்லி தெருமுனையில் சற்றுக் கோணலாக நிற்கிறார். பக்கத்து வீட்டுக் கூரை தெரிகிறது, தரை தெரிகிறது, தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள். மழைப் படத்திலும் கல் கல்லாகவே இருக்கிறது, நனைந்த கல்லாக. ஒருவருக்கு வெளிச்சம் போதும். இன்னொருவருக்கு வெளிச்சம் விழ ஓர் ஊர் வேண்டும்.

நிறங்கள் கூவுவது பற்றி: சில படங்களில் கூவுகின்றன. அதை நான் காப்பாற்றப் போவதில்லை.

காகிதக்கப்பல்:
இடையில் குறுக்கிடுகிறேன். நேற்று இரவு வெள்ளப் படத்தை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓவியன் நான், பெரிதாக எதிர்பார்க்கவில்லை. வழக்கம்போல வீடு, மரம், படகு எல்லாவற்றையும் முடித்துவிட்டு மிச்ச இடத்தில் மேகத்தை நிரப்பினேன். பின்னால் தொங்கவிட்ட திரைச்சீலை மாதிரி வந்தது. சுரண்டிவிட்டு மீண்டும் போட்டேன், மீண்டும் திரைச்சீலை. தண்ணீரும் செத்துப்போனது. சுவருக்குப் போட்ட ரோஜா நிறம் மட்டும் தனியாக உறுத்துகிறது.

சாம்பல்நீலம்:
தம்பி, சிஸ்லி விமர்சகர் தவெர்னியேவுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. வானத்தை வெறும் பின்னணியாக நினைக்கக்கூடாது, படத்துக்கு ஆழமும் அசைவும் அதிலிருந்துதான் வருகின்றன, நான் எப்போதும் வானத்தில்தான் தொடங்குவேன் என்கிறார். நீங்கள் தலைகீழாகப் போயிருக்கிறீர்கள். முதலில் மேகத்தின் சாம்பலை முடிவு செய்யுங்கள். அதில் கொஞ்சத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுங்கள். சுவரின் நிறத்தை அந்தச் சாம்பல்தான் தீர்மானிக்கும்.

பழையகணக்கு:
ஒரு துணுக்கு. மோரேயின் பாப்ளர் சாலையை அவர் வரைந்த ஓர் ஓவியம் நீஸ் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தது. அது 1978, 1998, 2007 என்று மூன்று முறை திருடு போய் மூன்று முறையும் மீட்கப்பட்டது. இரண்டாம் வரிசை ஓவியர் என்று திருடர்களிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

மூங்கில்பாலம்:
சிரித்துவிட்டேன், ஐயா. திருடனின் ரசனையை ஆதாரமாக ஏற்க இன்னும் மனம் வரவில்லை.

சாம்பல்நீலம் அவர்களே, தேவாலய ஒப்பீடு நன்றாக இருந்தது. ஆனால் அதுவும் மோனேயைத் துணைக்கு அழைத்துத்தான் சொல்ல முடிகிறது. எந்தத் துணையும் இல்லாமல் நிற்கக்கூடிய, 1880-க்குப் பிந்தைய ஒரு படத்தைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. பார்த்துவிட்டு வருகிறேன்.

சாம்பல்நீலம்:
1897. வயது 57. உடம்பு சரியில்லை. வேல்ஸ் கடற்கரைக்குப் போகிறார். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த எழெனியை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு, கார்டிஃப் பதிவு அலுவலகத்தில் சட்டப்படி மணந்துகொள்கிறார். பிறகு லாங்லாண்ட் விரிகுடாவுக்குப் போய் அங்கே நிற்கும் ஒரு பாறையை வரைகிறார். வாழ்நாள் எல்லாம் சாதுவான ஆற்றையே பார்த்த மனிதர். பாலமில்லை, பாப்ளர் இல்லை. பாறை, அதில் மோதும் கடல், அவ்வளவுதான். மாலை நேரத்தில் வரைந்த ஒன்று கார்டிஃபில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பெரிதாகவே பார்க்கலாம்.

காகிதக்கப்பல்:
மூன்றாவது முறை வானத்தில் தொடங்கினேன். திரைச்சீலை போய்விட்டது. இப்போது கட்டடம் மிதக்கிறது. அது வெள்ளத்தினாலா என் கையினாலா என்று தெரியவில்லை.

மூங்கில்பாலம்:
பாறையைப் பார்த்தேன். இரண்டு முறை. பாறையின் அடிப்பக்கத்தில் இருக்கும் அந்த ஊதா, மோரேயில் எனக்கு எரிச்சலூட்டிய அதே ஊதாதான், இங்கே உட்கார்ந்திருக்கிறது. இதை வரைந்தவர் 1880-இலேயே நின்றுபோனார் என்று இனி எழுத மாட்டேன்.

தேவாலயம் விஷயத்தில் என் கருத்தில் மாற்றமில்லை.