டியூப் ஆம்ப்பில் ஆறாம் தந்தியின் கனம் எங்கே தொலைகிறது?

தங்கச்சிமடம்_ஆறுதந்தி:

அனைவருக்கும் வணக்கம். பாம்பன் தீவில் எங்கள் ஊர் ஆலயப் பாடகர் குழுவில் கித்தார் வாசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 15 வாட் டியூப் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் பகுதியில் இரண்டு இ.எல்.84 டியூப்களும் முன்பகுதியில் மூன்று 12ஏ.எக்ஸ்.7 டியூப்களும் உள்ளன. பின்பக்கம் பெரும்பாலும் திறந்திருக்கும் பெட்டியில் 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று.

வாங்கிய புதிதில் ஆறாம் தந்தியைத் தட்டினால் ஒலி நெஞ்சில் வந்து விழும். இப்போது பேஸ் குமிழை 10 வரை திருப்பியும் தகர டப்பாவைத் தட்டியது போலத்தான் கேட்கிறது. சத்தத்தைக் கூட்டினால் மெலிவு போய், கார்டுகள் (பல சுரங்களை ஒன்றாக மீட்டுவது) ஒன்றோடொன்று குழைந்துவிடுகின்றன. முன்பு இல்லாத ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சலும் சேர்ந்திருக்கிறது. காலைத் திருப்பலியைவிட மாலையில் நிலைமை இன்னும் மோசம். பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் பவர் டியூப் இரண்டையும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒலியில் ஒரு மாற்றமும் இல்லை.

ஒரு டியூப்பிலிருந்து அடுத்ததற்கு ஒலியைக் கடத்தும் கப்ளிங் கெப்பாசிட்டர்களை 0.022 மைக்ரோஃபாரடிலிருந்து 0.1 ஆக உயர்த்தினால் பேஸ் பெருகும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். செய்யலாமா? ஆம்ப்பைப் பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்து, நடுத்தர ஒலிகளுக்கான மிட் குமிழைச் சுழியத்தில் விட்டு வாசிக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி_வால்வு:

தம்பி, சால்டரிங் கம்பியை எடுப்பதற்கு முன் அந்த நாற்காலியை எடுங்கள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் அதே நொடியில் பின்னால் காற்றை இழுக்கிறது. உயர்ந்த ஒலிகள் நேராகப் போய்விடும். அலைநீளம் பெரிதான தாழ்ந்த ஒலிகளோ பெட்டியைச் சுற்றி வந்து முன்னும் பின்னும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்பக்கம் திறந்த பெட்டியை நாற்காலியில் உயர்த்தி மண்டபத்தின் நடுவில் வைத்தால் இந்த இழப்பு மிகுதி. அதே ஆம்ப்பைத் தரையில், சுவருக்கு ஓர் அடி முன்னால் வைத்தால் தரையும் சுவரும் தாழ்ந்த ஒலிக்குத் துணை நிற்கும். அதன் பிறகு பின்பக்கத் திறப்பில் பாதியைப் பலகையால் மூடிப் பாருங்கள். முழுவதும் மூட வேண்டாம்; டியூப்களின் சூடு வெளியேற மேல்பகுதியில் வழி இருக்க வேண்டும்.

அடுத்தது மிட் குமிழ். ஆறாம் தந்தியின் அடிப்படை அதிர்வெண் சுமார் 82 ஹெர்ட்ஸ். கித்தார் ஸ்பீக்கர்கள் பலவற்றின் ஒத்ததிர்வு (கூம்பு இயல்பாகவே அதிரும் அதிர்வெண்) 75 ஹெர்ட்ஸ் அளவிலேயே இருப்பதால், அந்த அடிப்படையை அவை பெரிதாகக் கொடுப்பதில்லை. நாம் கனம் என்று உணர்வதில் பெரும்பங்கு அதற்கு மேலே, 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியிலிருந்து வருகிறது. மிட்டைச் சுழியத்தில் வைத்து அந்தப் பகுதியில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, பேஸ் குமிழை எவ்வளவு திருப்பினாலும் கனம் எப்படி வரும்? இவ்வகை ஆம்ப்களில் மூன்று குமிழ்களும் ஒன்றையொன்று பாதிப்பவை. பேஸை 5இலும் டிரெபிளை 4இலும் மிட்டை 7இலும் வைத்துத் தொடங்குங்கள்.

ஆனால் 'ம்ம்ம்' இரைச்சலும் மாலை வேளை மோசமும் வேறு கதை. அதைக் கடற்கரைக்காரர் ஒருவர் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கீழக்கரை_ஒலி:

கடற்கரைக்காரன் வந்துவிட்டேன். கீழக்கரையில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் கரையில் டியூப் கெடுவதைவிட டியூப் உட்காரும் சாக்கெட் கெடுவதே அதிகம். இ.எல்.84இன் ஒன்பது கால்களும் மெல்லியவை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் உப்பு ஈரம் சாக்கெட்டின் உள்ளே படிந்து, காலுக்கும் பிடிக்கும் இடையில் ஒரு படலத்தை உண்டாக்கும். புதிய டியூப்பைப் பழைய சாக்கெட்டில் செருகினால் பழைய குறை அப்படியே இருக்கும். தம்பிக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதற்கும் பேஸுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உங்களுடையது இரண்டு டியூப்கள் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல் அமைப்பு. அவற்றின் நேர்மின்னோட்டங்கள், டியூப்களுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எதிர்த்திசைகளில் பாய்வதால், இரும்பு உள்ளகத்தில் ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று நீக்கிவிடுகிறது. ஒரு டியூப் சரியாகத் தொடர்பு கொள்ளாவிட்டால் இந்தச் சமநிலை குலைந்து, இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறித் தெவிட்டும்; அதற்கு மேல் காந்தம் ஏறாது. தாழ்ந்த ஒலிக்குத்தான் டிரான்ஸ்ஃபார்மரில் மிகுந்த காந்தப்பாயம் தேவை என்பதால், முதலில் பறிபோவது பேஸ். சமநிலை சரியாக இருக்கும்போது நீங்கிப்போகும் 100 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அப்போது வெளியே கேட்கத் தொடங்கும். மெலிவும் இரைச்சலும் ஒன்றாக வந்ததால்தான் எனக்குச் சாக்கெட்டின் மேல் சந்தேகம்.

பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப் நன்றாக ஆறிய பிறகு டியூப்களைக் கழற்றி, கால்களில் கான்டாக்ட் கிளீனரைத் தெளித்து, ஐந்தாறு முறை செருகி எடுங்கள். ஸ்பீக்கர் முனையில் செருகியிருக்கும் ஒயர்களையும் பாருங்கள். பச்சைப் பூத்திருந்தால் அவற்றையும் துடைக்க வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் மட்டும் ஆம்ப்பை ஓட்டிவிடாதீர்கள்; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும்.

மாலை வேளைக்கு மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால், டியூப்பை உள்ளிருந்து சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.5 அளவே கிடைக்கும். ஆம்ப்பின் திறனும் ஏறத்தாழ முக்கால் பங்காகிவிடும். அதிகத் திறனைக் கேட்பது பேஸ் என்பதால் முதலில் குழைவதும் அதுவே. ஸ்டெபிலைசர் வாங்குவதானால் சர்வோ வகையை வாங்குங்கள். ரிலே வகை திருப்பலியின் நடுவே 'டக்' என்று அடிக்கும்.

தங்கச்சிமடம்_ஆறுதந்தி:

கீழக்கரை காக்கா, தூத்துக்குடி அண்ணாச்சி, இருவருக்கும் நன்றி. மூன்று நாட்களில் செய்ததைச் சொல்கிறேன். சாக்கெட்டுகளைச் சுத்தம் செய்தபோது கிளீனர் கறுப்பாக வழிந்தது. திரும்ப இயக்கியதும் இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. ராமநாதபுரத்தில் பழைய ரேடியோக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோய் இரண்டு பவர் டியூப்களின் மின்னோட்டத்தையும் அளக்கச் சொன்னேன். இப்போது இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. அவர் இ.எல்.84ஐப் பார்த்ததும், அந்தக் காலத்து ரேடியோவிலேயே இந்த வால்வு இருந்ததே என்று மகிழ்ந்து கூலியே வாங்கவில்லை.

மாமாவின் படகு வேலையில் மிஞ்சிய மரைன் பிளைவுட்டை வெட்டிப் பின்பக்கத்தில் பாதியை மூடினேன். ஆம்ப் இப்போது தரையில் இருக்கிறது. மாலையில் மீட்டர் 198 காட்டியது. ஸ்டெபிலைசருக்குக் குழுவில் பணம் சேர்க்கிறோம். கெப்பாசிட்டர் கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

தூத்துக்குடி_வால்வு:

அதைச் செய்யாதீர்கள். 0.022 மைக்ரோஃபாரடுக்கு அடுத்து 1 மெகா ஓம் தடை இருந்தால் அது 7 ஹெர்ட்ஸ் வரை ஒலியை விட்டுவிடும். 220 கிலோ ஓம் இருந்தாலும் 33 ஹெர்ட்ஸ். கித்தாரே 82இல்தான் தொடங்குகிறது என்னும்போது 0.1 போட்டு யாருக்கு லாபம்? சத்தமாக வாசிக்கும்போது பெரிய கெப்பாசிட்டர் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒலியை விக்க வைக்கும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது முதல் டியூப்பின் கேதோடில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) உள்ள கெப்பாசிட்டரை. 1.5 கிலோ ஓம் தடையோடு 22 அல்லது 25 மைக்ரோஃபாரட் இருந்தால் பேஸ் முழுவதும் உள்ளே வருகிறது. கை வைக்க ஒன்றுமில்லை. 2.7 கிலோ ஓமும் 0.68 மைக்ரோஃபாரடும் இருந்தால் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். டிஸ்டார்ஷனுக்கு (ஒலியை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) முன் பேஸ் அதிகமானால் குழையும் என்பதால் செய்த ஏற்பாடு அது. நீங்கள் தெளிவான ஒலியில் கார்டு வாசிப்பவர் என்பதால் அதை 2 முதல் 5 மைக்ரோஃபாரட் வரை உயர்த்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

எதுவானாலும் அந்த ரேடியோ பெரியவரைக் கொண்டே செய்யுங்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். அவற்றின் வயது பத்துப் பதினைந்து ஆண்டுகளைத் தாண்டியிருந்தால் அதே அமர்வில் மாற்றிவிடச் சொல்லுங்கள். பேஸ் தளர்ந்துபோவதற்கு அவையும் ஒரு காரணம்.

கீழக்கரை_ஒலி:

ஒன்று விட்டுப்போனது. வாசிக்காத நாட்களில் ஆம்ப்பை ஆலய மண்டபத்தில் விடாமல் வீட்டுக்குள் துணி போர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்துவிடும். கச்சான் காலத்தில் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை டியூப்களைக் கழற்றிச் செருகினால் போதும்.

தங்கச்சிமடம்_ஆறுதந்தி:

பெரியவர் பார்த்துவிட்டார். கேதோடில் 1.5 கிலோ ஓமும் 22 மைக்ரோஃபாரடும்தான் இருக்கின்றன என்பதால் அதைத் தொடவில்லை. ஃபில்டர் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றினார். ஞாயிறு காலை வாசித்தபோது முன்வரிசையில் பெஞ்சு அதிர்வதாகப் பங்குத்தந்தை சொன்னார். ஆம்ப்பைப் பின்னுக்கு நகர்த்தினால் சுவர் நெருங்கி இன்னும் அதிர்கிறது. எனவே பேஸ் குமிழை 4க்கு இறக்கிவிட்டேன்.