மறு: 'ஜெரிமாண்டரிங்' - தமிழில் ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> "தொகுதி மறுவரையறை" இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, அது வேறு வேலை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எல்லையைத் திருத்துவது மறுவரையறை. அதில் குற்றமும் இல்லை, குணமும் இல்லை. அந்த வேலை கையில் இருக்கும் கட்சி தனக்குத் தோதாகக் கோடு கிழித்துக்கொள்வதற்குத்தான் நான் பெயர் தேடுகிறேன்.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கீழவைக்கு 2012-இல் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த தேர்தலின் முடிவுகளைத் தமிழில் அட்டவணையாகப் போட உட்கார்ந்தேன். தலைப்பிலேயே தடுக்கியது. "காங்கிரஸ் தொகுதி" என்றால் நம்மவர்கள் கதர்ச்சட்டைக்காரர் ஜெயித்த தொகுதி என்றுதான் படிப்பார்கள். ஆங்கிலத்தில் 'டிஸ்ட்ரிக்ட்' என்கிறார்களே என்று "மாவட்டம்" என்றும் போட முடியாது, நம் மாவட்டத்துக்கு அங்கே ஈடானது கவுண்டி. "கீழவைத் தொகுதி" என்று வைத்துவிட்டேன். இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

சண்டை எண்களில்தான். மொத்தம் 18 தொகுதி. மாநிலம் முழுக்க விழுந்த வாக்கைக் கூட்டினால் ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்குச் சற்று மேல். கிடைத்த இடமோ 5. குடியரசுக் கட்சிக்கு 13. அந்த ஐந்திலும் ஜெயித்தவர் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார், பிலடெல்பியாவின் 2-ஆம் தொகுதியில் 89 சதவீதம். எதிர்ப்பக்கப் பதின்மூன்றில் பெரும்பாலானவை ஐம்பதுகளிலேயே முடிந்துவிட்டன. 2011-இல் கோடு போட்ட சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அப்போதைய 7-ஆம் தொகுதியின் படத்தை ஒருமுறை பாருங்கள். ஐந்து கவுண்டிகளுக்குள் கையும் காலும் நீட்டிக்கொண்டு கிடக்கும். டிஸ்னி கார்ட்டூனில் வரும் கூஃபி என்ற நாய் டொனால்ட் டக் என்ற வாத்தை எட்டி உதைப்பதுபோல இருக்கிறது என்று அங்கேயே கேலி செய்தார்கள். கிங் ஆஃப் பிரஷ்யா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் தொகுதியின் அகலமே ஒரு கடலுணவு ஓட்டலின் அகலம்தான் இருந்தது.

> ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடலாமே?

எந்த ஒலியை? 1812-இல் மாசசூசெட்ஸில் இந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்ட ஆளுநர் தம் பெயரை 'கெர்ரி' என்றுதான் சொல்லிக்கொண்டார். அப்படிப் போட்ட தொகுதி ஒன்றின் வடிவத்தைப் பார்த்து, பல்லி மாதிரி இருக்கும் சாலமாண்டர் பெயரோடு அதை ஒட்டிய பிறகு ஊர் வாயில் அது 'ஜெரி' ஆகிவிட்டது. விளக்கம் சொல்லவே ஒரு பத்தி போய்விடும்.

> "வரப்பு வெட்டு" எப்படி?

அம்மா, இந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை வரப்பைச் சுரண்டும் பக்கத்து வயல்காரர் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் வரப்பை வெட்டினால் ஒருவருக்கு நிலம் கூடும், இன்னொருவருக்குக் குறையும். பென்சில்வேனியாவில் அந்த 18 தொகுதியிலும் தலா ஏழு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் ஓராளைத் தாண்டவில்லை. அளவு சமமாக இருந்தும் ஏமாற்று நடக்கிறது, அதுதான் சூட்சுமம்.

அதனால் சந்தைக்குப் போனேன். தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார்களே, எல்லாக் கூறும் ஒரே அளவு. எதில் எந்தப் பழம் என்பது மட்டும் கடைக்காரர் கையில். சொத்தையை இரண்டிரண்டாக ஒவ்வொரு கூறிலும் அடியில் வைத்தால் எல்லாம் விற்றுவிடும். மிஞ்சிய சொத்தையை ஒரே கூறில் கொட்டி, அது போனால் போகட்டும் என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். (வாக்காளரைச் சொத்தை என்று சொல்லவில்லை, கோடு போடுகிறவர் கண்ணுக்கு எதிர்க்கட்சி வாக்கு அப்படித்தான்.) 89 சதவீதத் தொகுதி அந்த ஓரத்துக் கூறு.

என் பரிந்துரை: கள்ளக்கூறு. வினையாக, 'கள்ளக்கூறு போட்டார்கள்'. உள்ளே இருக்கும் இரண்டு உத்திக்கு, ஒரே இடத்தில் கொட்டுவது குவிப்பு, பல இடத்தில் பிரித்துப் போடுவது தூவல்.

---

தம்பி,

கூறு அருமை. 'நாட்டைக் கூறு போடுகிறார்கள்' என்று மேடையில் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே ஏறும்.

'கள்ள' தான் இடிக்கிறது. கள்ள நோட்டு, கள்ள ஓட்டு எல்லாம் சட்டப்படி குற்றம். இது அப்படி இல்லையே. வட கரோலினா வழக்கில் 2019-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போடுவது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்கும் விஷயம் இல்லை என்று 5-4 என்ற கணக்கில் கைகழுவிவிட்டது. சட்டம் விட்டுவைத்த ஒன்றைக் கலைச்சொல்லே திருட்டு என்று தீர்ப்பெழுதலாமா?

இன்னொன்று. 'தூவல்' வேண்டாம். பேனாவுக்கு அதை வைத்துவிட்டு நாற்பது பேர்கூடப் பயன்படுத்தவில்லை, இருந்தாலும் வைத்தாயிற்று.

---

ஐயா, தூவலைத் திரும்பப் பெறுகிறேன். 'தெளிப்பு' இருக்கட்டும். குவிப்பு, தெளிப்பு என்று ஜோடியும் சேர்கிறது.

'கள்ள'வை மட்டும் விட மனமில்லை. கள்ளச் சிரிப்பு எந்தச் சட்டத்தில் குற்றம்? ஒளித்துச் செய்வது, மனசறிந்து செய்வது, அவ்வளவுதான். தவிர, எல்லா நீதிமன்றமும் கைகழுவவில்லை. பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் அந்த வரைபடத்தை மாநில அரசமைப்புக்கு முரண் என்று தள்ளியது, பிப்ரவரியில் தானே ஒன்றைக் கொடுத்தது. நவம்பர் தேர்தலில் இரண்டு கட்சிக்கும் இடங்கள் 9-9. அந்த ஆண்டு காற்றும் ஜனநாயகக் கட்சிப் பக்கம் அடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் எழுப்பாத ஒரு சிக்கலும் இருக்கிறது. பிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் தாமாகவே நெருக்கமாகக் குடியிருக்கிறார்கள். யார் கோடு போட்டாலும் அங்கே கொஞ்சம் குவியத்தான் செய்யும். அதைக் 'குவிவு' என்று தன்வினையிலும், கட்சி செய்வதைக் 'குவிப்பு' என்று பிறவினையிலும் வைத்தால் போதுமா? அட்டவணையில் 2-ஆம் தொகுதி வரிசையின் குறிப்புக் கட்டத்தை இதற்காகவே காலியாக விட்டிருக்கிறேன்.