பட்டுப்புடவை: ஹேங்கரா, மடிப்பா? ஒரு வருஷம் உடுத்தாததைக் கழிக்கலாமா?

அல்லி_மதுரை
மூன்றடி அகல ஸ்டீல் பீரோ, மொத்தம் 60 புடவை, அதில் பட்டு 14. கதவைத் திறந்தாலே சரிந்து விழுது. "ஒரு வருஷம் உடுத்தாதது வெளியே போகணும்"னு சொல்ற விதி பட்டுக்கும் பொருந்துமா? வைச்சுக்கறதை ஹேங்கரில் மாட்டலாமா?

காலி_அலமாரி
தாராளமா பொருந்தும். வருஷத்துல எத்தனை கல்யாணம் வந்தாலும் கை போறது அதே நாலஞ்சு புடவைக்குத்தான். மிச்சத்தைக் கொடுத்துடுங்க. இருக்கிறதை மாட்டுங்க: ஒரு புடவைக்கு ஒண்ணேகால் இஞ்ச் போதும், 14 பட்டுக்கு அரைக் கம்பிதான் ஆகும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

தறிவீடு
பட்டை மாட்டாதீங்க. அசல் சரிகைன்னா பட்டு நூல் மேல தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுத்தி, தங்க முலாம் பூசினது. ஹேங்கர்ல முக்கால் கிலோ புடவையோட முழு எடையும் ஒரே கோட்டுல தொங்கும். அந்த இடத்துல கம்பி முறியும், முறிஞ்ச முனை அடியில இருக்கிற பட்டை அறுக்கும். முந்தானைப் பக்கம் கனம் அதிகம்கிறதால புடவை ஒரு பக்கமா வழுக்கி இறங்கும். இரும்பு ஹேங்கர்னா துருக் கறை வேற, அது லேசுல போகாது.

காலி_அலமாரி
சரிங்க, அடுக்குல மட்டும் என்ன வாழுது? 14 பட்டை ஒண்ணு மேல ஒண்ணா வைச்சா அடிப்புடவை மேல பத்து கிலோ உட்காரும். "மூணு மாசத்துக்கு ஒருதரம் மடிப்பை மாத்துங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. அடியில இருக்கிறதை உருவி எடுக்கிறது யாரு? மடிப்புலயே இத்துப்போற பட்டுதான் அதிகம்.

தறிவீடு
அதுல மறுபேச்சு இல்ல. அதனாலதான் ஒரு அடுக்குக்கு நாலுக்கு மேல கூடாது. பதினஞ்சு இஞ்ச் அகலத்துக்கு மடிச்சா மூன்றடித் தட்டுல ரெண்டு அடுக்கு நிக்கும். ரெண்டு தட்டுல 14ம் அடங்கிடும். ஜரிகை கனமானது கீழே, லேசானது மேலே.

மடிக்கிற விதமும் முக்கியம். சரிகை உள்பக்கம் வரணும். மடிப்பு விழற இடத்துல பழைய மல் துணியைச் சுருட்டி வைங்க, மடிப்பு கத்தி மாதிரி விழாது. அடுத்த தடவை நாலா மடிச்சதை மூணா மடிங்க, கோடு தானா இடம் மாறும். முழுக்க ஜரிகை ஓடின டிஷ்யூ புடவைக்கு மட்டும் குழல்ல சுத்தறதுதான் உத்தமம், அருங்காட்சியகங்கள்ல பழைய ஜவுளியை வைக்கிற முறை அது. ஆனா புடவை அகலம் 48 இஞ்ச், உங்க பீரோ 36. அகலவாக்குல ஒரே ஒரு மடிப்பு போட்டுச் சுத்தினா உள்ளே போகும்.

சலவை_சிவா
எதுல சுத்தி வைக்கிறோம்னும் பாருங்க. டிரைகிளீனிங் பிளாஸ்டிக் கவரை வீட்டுக்கு வந்ததும் கழட்டிடணும், ஈரம் உள்ளேயே நின்னு பூஞ்சை பிடிக்கும். கஞ்சி போடாத, வெளுத்த பழைய வேட்டித் துணி போதும். ரப்பர் பேண்ட் ஆகவே ஆகாது, அதுல இருக்கிற கந்தகம் வெள்ளியைக் கருக்கிடும். சென்ட்டும் பட்டு மேல படக்கூடாது.

அந்துருண்டையைத் துணியில முடிஞ்சு மேல்தட்டு மூலையில வைங்க, ஆவி கீழ்நோக்கி இறங்கும். கூடவே பூஜைக் கற்பூரம் போடாதீங்க: ரெண்டும் சேர்ந்தா நம்ம ஊர் வெயிலுக்கே உருகிக் கசிஞ்சு புடவையில கறையாகும். கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அந்துருண்டையே வேண்டாம். ஜி6பிடி குறைபாடு (ரத்த அணுக்களைக் காக்கிற ஒரு நொதி பிறவியிலேயே குறைவா இருக்கிறது) உள்ள குழந்தைக்கு அந்த ஆவியால ரத்த அணுக்கள் உடையும்.

அல்லி_மதுரை
அப்போ பட்டுல எதைத்தான் கழிக்கிறது?

தறிவீடு
உடுத்தின தேதியைப் பார்க்காதீங்க, துணியைப் பாருங்க. மடிப்புக் கோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. கோடு நெடுக ஊசிமுனை அளவுல வெளிச்சப் புள்ளி தெரிஞ்சா பட்டு இத்துப்போச்சு, டிரைகிளீனிங் கொடுத்தாலும் திரும்பாது. அதை விலைக்குப் போடறதா இருந்தா முதல்ல முந்தானை ஓரத்துல ஒரு ஜரிகை இழையை உருவி நகத்தால சுரண்டுங்க. உள்ளே சிவப்புப் பட்டு நூலும் மேல வெள்ளி நிறமும் தெரிஞ்சா பெரும்பாலும் அசல். செம்பு நிறமோ பாலியஸ்டரோ தெரிஞ்சா வெள்ளி விலை கேட்காதீங்க. பழைய பட்டு வாங்கறவங்க கணக்கு பண்றது ஜரிகையில இருக்கிற வெள்ளியைத்தான். புள்ளி இல்லாத புடவை பத்து வருஷம் உடுத்தாம இருந்தாலும் இருக்கட்டும்.

காலி_அலமாரி
"இருக்கட்டும்"னு சொல்லிச் சொல்லித்தான் பீரோ இப்படி ஆச்சு. நல்லா இருக்கிற பட்டை உடுத்தற ஒருத்திக்குக் கொடுத்தா அது இன்னும் நல்லா இருக்கும், இதுல நான் மாறமாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லணும்: 14 பட்டைப் பத்தியே பேசறோம், கதவைத் தள்றது மீதி 46. முதல்ல அதைக் கொட்டுங்க. கரை சாயம் போனது, ஃபால்ஸ் கிட்ட கிழிஞ்சது, ரவிக்கை பொருந்தாம ஒதுக்கினது, இந்த மூணும் அன்னைக்கே வெளியே போகணும். மிச்ச காட்டனைச் சின்னதா மடிச்சு புஸ்தகம் மாதிரி நிக்க வைங்க, ஒண்ணை உருவினா பக்கத்துது கலையாது.

சலவை_சிவா
அப்படி நிக்க வைக்கிறதுக்கு முன்னாடி கஞ்சியை அலசி எடுத்துடுங்க. கஞ்சிக்குத்தான் ராமபாணப் பூச்சி வரும், வந்தா காட்டனோட நிக்காது. உடுத்தப்போற வாரம் போட்டுக்கலாம். அப்புறம் பீரோவை மழைச் சாரல் படற வெளிச்சுவர்லேர்ந்து மூணு இஞ்ச் தள்ளி வைங்க.