அடுத்த அழைப்பு யாருடையது? பால்புதுமையரின் (ஒருபால் ஈர்ப்பு கொண்டவர்கள், திருநர் முதலியோர்) தனிமை: அனுபவப் பகிர்வு

உதவி எண் தன்னார்வலர், சென்னை:

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கிசுகிசுத்துப் பேசும் அழைப்புகள் இரவு 11 மணிக்கு மேல் வரும். பெரும்பாலும் 18, 19 வயது. அன்றைக்கு வீட்டில் யாரோ கைபேசியைப் பார்த்திருப்பார்கள். அப்போது முதல் கேள்வி ‘என்ன ஆச்சு’ அல்ல. “பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுப்பா.” அடுத்தது, “செத்துடலாம்னு தோணுதா?” நேரடியாகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று புதியவர்கள் தயங்குகிறார்கள். விதைக்காது. சுற்றி வளைத்துக் கேட்டால்தான் “அதெல்லாம் இல்லக்கா” என்று மூடிக்கொள்கிறார்கள். ஆமாம் என்றால், ஆபத்தான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கேட்டு, அந்த இடத்தைவிட்டு வெளியே வரவைப்பதுதான் முதல் வேலை. மற்றக் கதை பிறகு.

இணைப்பு அறுந்தால் பதறிப்போய்த் திருப்பி அழைத்துவிடாதீர்கள். அம்மா எடுப்பார், விஷயம் உடைந்துவிடும். “கட் ஆனா நான் கூப்பிடலாமா? வேற யாராவது எடுத்தா என்ன சொல்லணும்?” என்று தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். பாதுகாப்புத் திட்டத்தில் (நெருக்கடியில் என்ன செய்வது, யாரை அழைப்பது என்று அழைத்தவரோடு சேர்ந்து எழுதும் பட்டியல்) உதவிக்கு எழுதும் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும், இவர் பால்புதுமையர் என்பது அவருக்குத் ‘தெரியும்’, ‘தெரியாது’ என்று குறியுங்கள். சித்தப்பா நல்லவராகவே இருக்கலாம். நாம் போட்டு உடைக்கக் கூடாது.

14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். எந்த எண்ணிலானாலும் “கல்யாணம் பண்ணினா சரியாயிடும்” என்று யாராவது சொன்னால் வைத்துவிட்டு வேறு எண்ணுக்குப் போகச் சொல்லுங்கள். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மாற்றுவதாகச் சொல்லும் ‘மாற்றும் சிகிச்சை’ மருத்துவர்களுக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

முதியோர் துணைக்குழு ஒருங்கிணைப்பாளர், மதுரை:

முதியவர்கள் இப்படி அழைப்பதே அரிது. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவு 377-இலிருந்து 2018 செப்டம்பரில் விடிவு வந்தபோது பலருக்கு 60 தாண்டிவிட்டது. ‘சினேகிதர்’ என்றே சொல்லிப் பழகிய வாய். துணை இறந்தால் சுடுகாட்டில் கடைசி வரிசை. துக்கம் கேட்க யாரும் வருவதில்லை.

அப்படி ஒரு வீட்டில், போனவருடைய மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டபடி அலமாரியிலேயே இருந்தன. தூக்கிப் போடச் சொன்னால் மறுப்பார்கள், அது அவர் தொட்ட பொருள். “நான் பத்திரமா வச்சுக்கறேண்ணே” என்றால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அன்றே வாங்கிக்கொண்டு வாருங்கள். அவருடைய சொந்த மாத்திரையையும் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

“மாதக் கூட்டத்துக்கு வாங்க” என்பது வேலைக்கு ஆவதில்லை. மாடியில் அரங்கு, சுற்றிலும் 20 வயதுப் பிள்ளைகள், சத்தமாகப் பாட்டு. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார், திரும்ப வரமாட்டார். ஒரே ஆள், ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரு டீ. அதுதான் நிற்கிறது. இளையவரை அனுப்பினால் கையில் ஒரு வேலையோடு அனுப்புங்கள்: வங்கிச் செயலி, கண் சொட்டு மருந்து, ஏதாவது. ஆனால் நெருக்கடியில் இருக்கும் இளையவரைத் துணை இழந்தவரோடு சேர்க்காதீர்கள். ஒருவர் பாரம் இன்னொருவர் தலையில் ஏறும்.

வழக்கறிஞர், திருச்சி:

இரண்டு சேர்க்கிறேன். துணையோடு வாழ வீட்டைவிட்டு வந்தவரைக் ‘காணவில்லை’ என்று புகார் வந்தால், இருவரும் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் காவல்துறை வாக்குமூலம் வாங்கிப் புகாரை முடிக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் (நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ்) 2021 ஜூன் 7-இல் சொன்னது. அச்சுப் பிரதி கையில் இருக்கட்டும், காவல் நிலையத்தில் பேச்சு மாறும்.

முதியவர்களுக்கு: கூட்டுக் கணக்குக்கும், துணையை நியமனதாரராக (நாமினி) காட்டுவதற்கும் தடை இல்லை என்று ஒன்றிய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. ஆனால் நியமனதாரர் ஆனதாலேயே சொத்து அவருடையது ஆகிவிடாது. இரண்டு சாட்சிகளோடு உயில் எழுதுங்கள், இருவரும் நடமாடும்போதே.

உதவி எண் தன்னார்வலர், சென்னை:

மதுரைக்காரர் சொன்ன ‘ஒரே கிழமை’க்கு ஆதாரமும் இருக்கிறது. சென்னை, கொழும்பு உட்பட 5 இடங்களில், தற்கொலைக்கு முயன்று பிழைத்த 1,867 பேரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. பால்புதுமையருக்கென்று நடந்தது அல்ல. ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாதங்களில் 9 முறை தொடர்பு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம், தொடர்பில் இருந்தவர்களில் 0.2.

அந்த அட்டவணை 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆம் மாதங்கள். நாள்காட்டியில் இப்போதே குறித்து, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு பெயர் போடுங்கள். ஒருவர் ஊருக்குப் போகும் வாரத்தில்தான் அழைப்பு விட்டுப்போகிறது. அந்தப் பக்கம் இருப்பவர் “என்னை மறந்துட்டாங்க” என்றே எடுத்துக்கொள்கிறார். ஆள் மாற வேண்டுமானால், மாறும் முதல் அழைப்பில் இருவரும் சேர்ந்தே பேசுங்கள்.