கறுப்பில் ஆடினால் பத்து நகர்வுக்குள் தோற்கிறேன், எங்கே தப்பு?

ஓரச்சிப்பாய்:
போனில் பத்து நிமிட செஸ் ஆட்டம் ஆடுகிறேன். வெள்ளை என்றால் ஓரளவு தாக்குப்பிடிப்பேன். கறுப்பு வந்தால் சீக்கிரமே கதை முடிந்துவிடுகிறது. நேற்றைய ஆட்டம் (எண்ணுக்குப் பின் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; காயின் பெயர் இல்லாவிட்டால் சிப்பாய்):
1. இ4 இ5
2. குதிரை எஃப்3, நான் எஃப்6
3. குதிரை இ5 சிப்பாயை வெட்டியது. சும்மா வந்த குதிரைதானே என்று எஃப்6 சிப்பாயால் வெட்டினேன்.
4. ராணி ஹெச்5, செக். ஜி6 வைத்து மறைத்தேன்.
5. ராணி இ5-ஐ வெட்டி மறுபடி செக், கூடவே மூலையில் இருந்த யானைக்கும் குறி. ரிசைன்.
இ5 சிப்பாய்க்குக் காவலாகத்தானே எஃப்6 வைத்தேன்? அதில் என்ன குறை?

வெள்ளைக்குதிரை:
இதற்கு டாமியானோ டிஃபென்ஸ் என்று பெயர். போர்ச்சுகல்காரரான பெத்ரோ டாமியானோ, 1512-ல் ரோமில் வெளியான தன் செஸ் புத்தகத்தில் இதை மோசமான ஆட்டம் என்றுதான் எழுதினார். திட்டியவர் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள், பாவம்.

எஃப்6 பார்க்கக் காவல் மாதிரி இருக்கும். ஆனால் இ8-லிருந்து ஹெச்5 வரை உள்ள சாய்கோட்டைத் திறந்துவிடுகிறது, உங்கள் ராஜா அதன் முனையில் நிற்கிறார். குதிரைக்கு உரிய நல்ல கட்டத்தையும் சிப்பாய் அடைத்துக்கொள்கிறது. வெள்ளைக் குதிரையை வெட்டியதும் அந்தக் காவலும் போய்விடுகிறது. 4-வது நகர்வில் ஜி6-க்குப் பதில் ராஜாவை இ7-க்கு நகர்த்தினாலும் ராணி இ5-ஐ வெட்டி செக், ராஜா எஃப்7, பிஷப் சி4 செக் என்று துரத்தல் தொடரும்.
2-வது நகர்வில் குதிரையை சி6-க்குக் கொண்டு வாருங்கள். சிப்பாய்க்குக் காவலும் ஆச்சு, ஒரு காயும் வெளியே வந்தாச்சு.

ஓரச்சிப்பாய்:
சரி, கை தவறி எஃப்6 வைத்துவிட்டால்?

வெள்ளைக்குதிரை:
அந்தக் குதிரையைத் தொடாதீர்கள். 3... (அதாவது கறுப்பின் 3-வது நகர்வு) ராணி இ7 ஆடுங்கள். குதிரை எஃப்3-க்குத் திரும்பினால் ராணியால் இ4 சிப்பாயை எடுக்கலாம், செக்கும் கூட. வெள்ளை பிஷப்பை இ2-ல் வைத்து மறைக்கும். சிப்பாய்க் கணக்கு சமம்தான். ஆனால் உங்கள் ராணி தனியாக அலையும், வெள்ளை அதைத் துரத்திக்கொண்டே காய்களை இறக்கும். சுகமில்லை, ஆனாலும் ஆடலாம்.

மூலையானை:
இடையில் ஒன்று. 2... குதிரை எஃப்6-ம் நல்ல ஆட்டம்தான், பெட்ராஃப் என்பார்கள். ஆனால் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்து ஆடாதீர்கள். 1988-ல் சுவிட்சர்லாந்தின் பியல் போட்டியில் ஆனந்த் இதில்தான் கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவிடம் ஆறே நகர்வில் தோற்றார். 3. குதிரை இ5 வெட்டு, டி6 4. குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை இ4 வெட்டு 5. குதிரை சி3, பிஷப் எஃப்5 6. ராணி இ2, ரிசைன். இ4 குதிரைக்குப் பின்னால் அதே வரிசையில் ராஜா, அதனால் குதிரை நகர முடியாது. டி5 வைத்துக் காத்தால் டி3 வந்து அந்தக் குதிரையைக் குறிவைக்கும். ராணி இ7 என்றால் குதிரை டி5-ல் வந்து ராணியை மிரட்டும். அதற்கு முந்தைய வருடம் இங்கிலாந்தின் மைல்ஸுக்கு எதிராக அமெரிக்காவின் கிறிஸ்டியன்சனும் இதே பிஷப் எஃப்5 ஆடியிருந்தார். மைல்ஸ் ராணி இ2 ஆடவில்லை, ஆட்டம் டிரா. டிரா ஆன ஆட்டம் என்பதற்காக அதில் வந்த நகர்வெல்லாம் சரி என்று ஆகிவிடுமா?

ஓரச்சிப்பாய்:
ஐயோ, ஆனந்தா! எனக்கு குதிரை சி6 போதும். 2... டி6 எப்படி?

வெள்ளைக்குதிரை:
தாராளமாக. கொஞ்சம் நெரிசலான நிலை வரும், அவ்வளவுதான். ஆனால் பிஷப்பை அவசரமாக ஜி4-ல் வைத்தால் லெகால் பொறி காத்திருக்கும். 3. பிஷப் சி4, பிஷப் ஜி4 4. குதிரை சி3, ஜி6 5. குதிரை இ5 வெட்டு! ராணி இலவசம் என்று எடுத்தால் 6. பிஷப் எஃப்7 வெட்டு, செக், ராஜா இ7 7. குதிரை டி5, மேட். அந்த இடத்தில் ராணியை விட்டுவிட்டு டி சிப்பாயால் குதிரையை வெட்டுங்கள். வெள்ளை ராணி ஜி4 பிஷப்பை எடுக்கும். ஒரு சிப்பாய் நஷ்டம், ஆனால் ஆட்டம் நடக்கும்.