கல்லு மாமா டெல்லியில் என்ன வேலை பார்த்தார்?

ஊர்ச் சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

கல்லு மாமா காரியத்துக்கு யார் யார் போக முடிந்தது என்று போன வாரம் மடல்கள் வந்தபடி இருந்தன. அதில் இரண்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தீர்கள்: "எவ்வளவு பெரிய படிப்பு, கடைசியில் ஃபைல் பார்த்தே காலம் போச்சே!" வருத்தத்தில் எழுதியதுதான், தெரியும். ஆனாலும் அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. அவரோடு மலை ஏறியவன், டெல்லியில் அவர் வீட்டில் மூன்று மாதம் அத்தை கையால் சாப்பிட்டவன் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா படித்தது கட்டமைப்புப் புவியியல். பாறை எப்படி மடிந்தது, எங்கே விரிசல் விட்டது, எந்தப் பக்கம் நழுவியது என்று பார்க்கிற படிப்பு. அதை நான் புரிந்துகொண்டது 1983 கோடையில். ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பொதுவில் போர் போட முடிவாகி, திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, கோயில் பக்கம் இடம் காட்டினார். லீவில் வந்திருந்த மாமா ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் விடியற்காலை என்னையும் பங்காளி வீட்டுப் பையனையும் கூட்டிக்கொண்டு கொல்லைமேட்டுக்குப் போனார்.

அங்கே கரடை நடுவில் வெட்டினாற்போல ஒரு கருங்கல் வரிசை ஓடுகிறதே, ஆடு மேய்க்கிறவர்கள் உட்காருவார்களே, அதன் மேல் காம்பஸைத் திறந்து வைத்தார். உள்ளே இருக்கும் குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்புவார். ஒரு எண் சொல்வார், நான் நோட்டில் எழுதுவேன். பத்தடி தள்ளி மறுபடியும். அப்படி மத்தியானம் வரை. அந்தக் கல் டோலரைட். இன்று பிளாக் கிரானைட் என்று வெட்டி விற்கிறார்களே, அதே ஜாதி. எப்போதோ பழைய பாறை பிளந்து, அந்தப் பிளவில் பாறைக்குழம்பு ஏறி உறைந்த சுவர் அது. "பூமிக்குள்ள கட்டின மதில்டா இது. மலையிலேந்து வர்ற தண்ணி இதத் தாண்ட முடியாம மேல்பக்கமே நின்னுக்கினு இருக்கும். கோயில் இருக்கறது கீழ்ப்பக்கம்" என்றார். கல் உடைக்கிறவர் ஒருவரைக் கூப்பிட்டு, சுவர் ஓடும் திசைக்கு ஒரு அம்புக்குறி கொத்தச் சொன்னார். அதிலிருந்து மேற்கே நாற்பது தப்படியில் போட்ட போரில்தான் இருபது வருஷம் நாம் தண்ணீர் குடித்தோம்.

அதே கோடையில் இன்னொரு வீட்டுக்கு அவர் காட்டிய இடத்தில் 200 அடி போயும் புழுதிதான் வந்தது. அவரே அந்த வீட்டுக்குப் போய், "தப்பு என்னோடதுதான், மேல இருக்கற விரிசல் அடியிலயும் இருக்கும்னு நெனச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். நினைவிருக்கும்.

பிறகுதான் டெல்லி. மத்திய அரசின் அறிவியல் துறையில், எந்த ஆராய்ச்சிக்குப் பணம் தரலாம் என்று பார்க்கிற பிரிவு. 1994ல் நான் காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி வேலைப் பயிற்சிக்காகப் போய் அவர் குவார்ட்டர்ஸில் தங்கினேன். மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பூகம்பம் நடந்து ஒரு வருஷம் ஆகவில்லை. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, ஏறக்குறைய 10,000 பேர் செத்துப்போனார்கள். தக்காணம் ஆடாத நிலம் என்ற நம்பிக்கையும் அன்றோடு போனது. தெற்கே நிலநடுக்கப் பதிவு நிலையங்களைக் கூட்ட வேண்டும், பழைய விரிசல்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று துறை முழுக்க அதே பேச்சு. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹாலில் பாய் விரித்து விண்ணப்பங்களைப் பரப்புவார். காற்றில் பறக்காமல் இருக்க நம் ஜவ்வாது மலையிலிருந்து எடுத்துப்போன சார்னகைட் என்ற பாறைத் துண்டு ஒன்று மேலே உட்கார்ந்திருக்கும், எண்ணெய் தடவின மாதிரி மினுங்கிக்கொண்டு.

விண்ணப்பத்தில் எழுத்தை அவர் முதலில் படிக்க மாட்டார். வரைபடத்தைத்தான் எடுப்பார். ஒருநாள் ஒரு படத்தை என் முன்னால் தள்ளி, "இதுல இன்னா தெரியுது சொல்லு" என்றார். அழகாக அச்சடித்த படம், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அளவு எடுத்த புள்ளி எல்லாம் ரோட்டு மேலயே இருக்குது பாரு. ஜீப்ப விட்டு எறங்கவே இல்ல இவுரு." இன்னொன்று கையால் வரைந்தது, ஏதோ சின்னக் காலேஜிலிருந்து வந்தது. புள்ளிகள் ஓடை ஓடையாக மலை உச்சிவரை ஏறியிருந்தன. அந்தப் பையனுக்காக அவர் கமிட்டியில் எவ்வளவு நேரம் பேசினார் என்று அத்தைக்குத்தான் தெரியும், சோறு ஆறிப்போய்க் காத்திருந்தவர் அவர்தானே. பணம் எப்போது போய்ச் சேரும் என்பதிலும் அதே பிடிவாதம். மழை விட்டு டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான் மலையில் வேலை செய்யலாம், மார்ச் கடைசியில் காசோலை போனால் ஒரு வருஷம் வீண் என்று போனில் சத்தம் போடுவார்.

கொல்லைமேட்டில் குமிழி நடுவில் நிற்கும்வரை காத்திருந்தாரே, அதே ஆள்தான் அந்தப் பாயிலும் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கல் பார்க்கிறவர்கள் நாற்காலியில் உட்காருவது புதிதும் இல்லை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் நம் சென்னைப் பக்கத்துப் பாறை என்று கண்டு 1893ல் அதற்குச் சார்னகைட் என்று பெயர் வைத்த தாமஸ் ஹாலந்து, பின்னால் நம் நாட்டுப் பாறைகளை ஆராயும் அரசுத் துறையான ஜியாலஜிகல் சர்வேக்குத் தலைவரானார், அப்புறம் எடின்பரோ பல்கலைக்கழகத்தையே நடத்தினார். 1851ல் தொடங்கிய அந்த சர்வேக்கு முதல் இந்திய இயக்குநர் வர 1951 வரை ஆனது. வந்தவர் தஞ்சாவூர் ஜில்லாக்காரர் எம். எஸ். கிருஷ்ணன். ஹைதராபாதில் 1961ல் தேசியப் புவி இயற்பியல் ஆய்வகம் தொடங்கியபோது அதற்கும் அவர்தான் முதல் இயக்குநர். மாமா பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது.

நம் மலைக்கு மேற்கே குப்பத்தில் ஆரம்பித்துப் பழனி வரை, சுமார் 300 கிலோமீட்டர், ஒரு பெரிய ஆய்வு நடந்தது. குழி தோண்டி வெடி வைத்து, அந்த அதிர்வு அடியில் மோதித் திரும்புவதை வரிசையாகக் கருவி வைத்துப் பதிந்தார்கள். பல நிறுவனங்கள் சேர்ந்து செய்தது, முடிவுகள் 2003ல் புத்தகமாக வந்தன. நம் காலடியில் பூமியின் மேலோடு 40 கிலோமீட்டருக்கு மேல் தடிமன் என்று அதில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதற்குப் பணம் ஒதுக்கிய கூட்டங்களில் உட்கார்ந்தவர்களில் மாமாவும் ஒருவர். மேடையில் அதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசியாக அவரோடு கல் பற்றிப் பேசியது 2021 நவம்பர் 29. வேலூருக்கு மேற்கே 60 கிலோமீட்டர் வாக்கில் விடிகாலை 4.17க்கு நிலம் ஆடியது, ரிக்டரில் 3.6. அந்த மாதம்தான் பாலாற்றில் வெள்ளம் கரைபுரண்டது. மஸ்கட்டிலிருந்து பதறிப் போய்க் கூப்பிட்டு, மழைத் தண்ணீர் இறங்கியதால்தானா என்று கேட்டேன். "ஒரே ஒரு ஆட்டத்த வெச்சு அப்டிலாம் சொல்லக் கூடாது. ஸ்டேஷன் இருக்குது, எழுதிக்கினு இருக்கும். வரட்டும், பாப்போம்" என்றார். டிசம்பரில் இன்னொன்று வந்தபோது அவரே என்னைக் கூப்பிட்டு நேரம், இடம் எல்லாம் சொன்னார்.

அத்தை ஒன்று கேட்டிருக்கிறார். மாமாவின் மலை நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன, பென்சிலில் எழுதியவை. செல்லரிப்பதற்குள் ஸ்கேன் செய்ய வேண்டும். பெங்களூரில் இருப்பவர்கள் யாராவது வண்டி எடுத்துப்போய் வாங்கிவந்தால் செலவு முழுக்க நான் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கொல்லைமேட்டுக் கருங்கல்லில் அந்த அம்புக்குறி இன்னும் இருக்கிறதா பார்த்து ஒரு படம் அனுப்புங்கள். வடக்குக் கோடியில், புளியமரத்துக்கு நேரே இருக்கும்.

அன்புடன்,
மேட்டுத்தெரு தபால்காரர் வீட்டுப் பையன்
மஸ்கட்